மெட்டு யாருடையது? மட்டக்களப்பு, அம்பாறைப் பாட்டுக்காரர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாட்டுப் பழக்கும் வகுப்பிலும், ஒலிப்பதிவுக்கு வந்து காத்திருக்கும் வாங்கிலிலும், கூத்துப் பழகும் முற்றத்திலும் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஓரிடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று பட்டது. கேள்விகளைக் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன். சட்டம் என்று சொல்லும் இடங்களில் இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தையே கருதுகிறேன். நீதிமன்றம் வரை போகக்கூடிய விடயம் என்றால் சட்டத்தரணி ஒருவரைப் பார்த்தே ஆகவேண்டும்.

ஒருவருடைய மெட்டை எடுத்து நான் பாட்டு எழுதினால் அது களவா?

எடுத்ததனால் மட்டும் களவாகிவிடாது. மெட்டெடுத்துப் பாடுவது தமிழில் நெடுங்காலப் பழக்கம். பழைய பாட்டுப் புத்தகங்களைப் புரட்டினால் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ‘இன்ன பாட்டின் வர்ணமெட்டு’ என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். வாங்குகிறவருக்கு அந்த மெட்டு முன்பே தெரியும். சுரக்குறிப்பு இல்லாமலே பாடிவிடுவார். முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியத்தில் கேட்ட மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். ‘சந்ததம் பாஹிமாம்’ பிரித்தானிய அரச வாழ்த்தின் மெட்டில் அமைந்தது. நோட்டு சுரம் என்றுதான் அவற்றை இன்றும் பாடுகிறோம். எங்கிருந்து வந்தவை என்பதை யாரும் மறைக்கவில்லை.

மூலத்தை மறைத்துவிட்டு ‘இசை’ என்ற இடத்தில் தன் பெயரைப் போடும்போதுதான் களவு தொடங்குகிறது. நேர்மை ஒரு கேள்வி, சட்டம் இன்னொரு கேள்வி. பெயர் சொல்லி எடுத்தாலும் அனுமதி இல்லையென்றால் சட்டப்படி தவறாகலாம். சட்டம் தடுக்காத இடத்திலும் ஒருவரின் உழைப்பை விழுங்கிய பழி வந்து சேரலாம். கீழே உள்ள பதில்களில் இந்த இரண்டையும் பிரித்தே பார்க்கிறேன்.

வடமோடிக் கூத்துகளில் ஒரு கூத்தின் தரு இன்னொரு கூத்தில் அப்படியே கேட்கிறது. அண்ணாவிமார் எல்லோரும் கொப்பியடித்தவர்களா?

இல்லவே இல்லை. (வடமோடி மட்டக்களப்புக் கூத்தின் ஒரு வகை, தரு கூத்தில் பாடும் பாட்டு, அண்ணாவியார் கூத்துப் பழக்கும் ஆசான்.) இந்தச் சந்தேகத்தை இளையவர்கள் கேட்கும்போது எனக்கு மனம் நோகிறது. கூத்தை மேடையில் சில நிமிடத் துண்டாக மட்டும் பார்த்து வளர்ந்ததால் வருகிற கேள்வி இது. கொலுவுக்கு, வரவுக்கு, போருக்கு, புலம்பலுக்கு என்று மரபில் மெட்டுகள் இருக்கின்றன. புதிய கூத்து எழுதுகிறவர் கதையையும் சொல்லையும் புதிதாகக் கட்டி, மெட்டை அந்தப் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுக்கிறார். கூத்தர் முதலடியைப் பாடியதும் பிற்பாட்டுக்காரர் தயங்காமல் ஏந்திப் பாட முடிவது எதனால்? மெட்டு எல்லோருக்கும் தெரிந்ததாக இருப்பதனால்தான். கூத்து ஆடும் வட்டக்களரியைச் சுற்றி விடிய விடிய இருக்கும் முதியவர்களும் அதை அறிவார்கள். அங்கே மூலத்தை மறைக்க எவராலும் முடியாது, மறைக்க வேண்டிய தேவையும் இல்லை.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. மரபான தருக்களோடு, அண்ணாவியார் தானே புதிதாகக் கட்டிய தருவும் உண்டு. சீலாமுனையிலோ கன்னன்குடாவிலோ ஒருவர் தன் மத்தளத்தோடு இருந்து கட்டிய புதுத் தருவை, ‘கூத்து மெட்டுத்தானே, பொதுவானது’ என்று சொல்லி எடுத்துக்கொள்வது பிழை. அது அவருடைய ஆக்கம். எது பழையது, எது அவருடையது என்பதை அவரிடமே கேட்கலாம். அண்ணாவிமார் இதை மறைப்பதில்லை. ‘இது என் குருவின் மெட்டு, இது நான் போட்டது’ என்று பிரித்தே சொல்வார்கள்.

இரண்டு பாட்டும் ஒரே இராகம், ஒரே தாளம். அப்படியென்றால் கொப்பிதானே?

இல்லை. இராகமும் தாளமும் யாருக்கும் சொந்தமில்லை. மோகனத்தில் ஆயிரம் பாட்டுகள் இருக்கின்றன. ஆதி தாளத்தில் அதைவிட அதிகம். சட்டமும் கருத்தையும் முறையையும் பாதுகாப்பதில்லை, அவற்றை ஒருவர் வெளிப்படுத்திய வடிவத்தையே பாதுகாக்கிறது. இரண்டு பாட்டு ஒரே மணத்தோடு இருக்கிறது என்பது குற்றச்சாட்டாகாது.

எட்டு விநாடி வரை எடுக்கலாம், முப்பது விநாடி வரை எடுக்கலாம் என்கிறார்களே?

அப்படி எந்த அளவும் சட்டத்தில் இல்லை. யார் தொடக்கினார்களோ தெரியாத வதந்தி இது, ஆனால் ஊரெல்லாம் பரவியிருக்கிறது. நான்கு விநாடியே ஆனாலும் கேட்டவுடன் அந்தப் பாட்டு நினைவுக்கு வருமென்றால் அதன் உயிரான இடத்தைத்தான் எடுத்திருக்கிறீர்கள்.

இரண்டு மெட்டு ஒன்றா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு ஒரே மாதிரிக் கேட்கிறது, நண்பனுக்கு அப்படிக் கேட்கவில்லை.

முதலில் சொல்லை நீக்குங்கள், பின்னணி வாத்தியங்களையும் நீக்குங்கள். வெறும் மெட்டை ஒரே சுருதியில் வைத்து, சுரமாக எழுதிப் பாருங்கள். எந்தச் சுரத்தில் எடுக்கிறது, எங்கே நின்று மூச்சு விடுகிறது, ஒரு துண்டு எத்தனை தடவை திரும்புகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நடையை மாற்றிப் பாடிப் பாருங்கள். நான்கு நடையில் இருந்ததை மூன்று நடையில் பாடிய பிறகும் பழைய பாட்டே கேட்கிறது என்றால், மெட்டே எடுக்கப்பட்டிருக்கிறது. பாட்டு மறைந்துபோய்விட்டால், உங்களை ஏமாற்றியது பெரும்பாலும் தாளமும் வாத்திய ஒலியும்தான்.

உலகம் அறிந்த ஒரு வழக்கை இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். பீட்டில்ஸ் குழுவைச் சேர்ந்த ஜோர்ஜ் ஹரிசன் 1970 இல் ‘மை ஸ்வீட் லோர்ட்’ என்ற பாட்டை வெளியிட்டார். 1963 இல் வந்த ‘ஹீ இஸ் சோ ஃபைன்’ பாட்டின் மெட்டு அது என்று வழக்கு வந்தது. பழைய பாட்டில் ‘ப-க-ரி’ என்று இறங்கும் சிறிய துண்டு நான்கு தடவை வருகிறது. அதன் பின் ‘ப-த-ஸ-த-ஸ’ என்ற துண்டு நான்கு தடவை. ஹரிசனின் பாட்டில் முதல் துண்டு நான்கு தடவை, இரண்டாவது மூன்று தடவை, நான்காவதன் இடத்தில் வேறொரு இணைப்பு. தனித்தனியே பார்த்தால் இரண்டு துண்டும் எங்கும் கிடைக்கக்கூடியவைதான். நீதிபதியும் அதை ஒப்புக்கொண்டார். ஆனால் இந்த அடுக்கு அபூர்வமானது. அதைவிட, இரண்டாவது துண்டு இரண்டாம் தடவை வரும்போது தொட்டுவிட்டுப் போகும் ஓர் அணுசுரம் இரண்டு பாட்டிலும் அதே இடத்தில் இருந்தது. 1976 இல் தீர்ப்பு ஹரிசனுக்கு எதிராகப் போனது. நான் மாணவர்களுக்கு இந்தச் சுரங்களைப் பாடிக் காட்டுவதுண்டு. அந்த அணுசுரம் வரும்போது வகுப்பு முழுவதும் தலை நிமிர்கிறது.

ஹரிசன் தெரிந்தா எடுத்தார்? எனக்கும் தெரியாமலே ஒரு மெட்டு வந்துவிட்டால் என்ன செய்வது?

மேலே சொன்ன வழக்கில் நீதிபதி, ஹரிசன் வேண்டுமென்றே எடுத்தார் என்று சொல்லவில்லை. மனத்தின் அடியில் கிடந்த பாட்டு அவரை அறியாமலே வெளிவந்தது என்றுதான் கண்டார். இருந்தும் உரிமை மீறல் மீறல்தான் என்றார். அறியாமல் செய்தேன் என்பது உங்கள் மேல் இருக்கும் பழியைக் குறைக்கும். மெட்டை உங்களுடையது ஆக்காது.

ஆகவே புதிய மெட்டு சிரமமில்லாமல் சட்டென்று வந்து விழுந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். உங்களைவிட வயது கூடிய இருவருக்கும், சினிமாப் பாட்டில் ஊறிய ஒருவருக்கும் பாடிக் காட்டுங்கள். ஒலிப்பதிவுக்கு முன் இதைச் செய்துவிட்டால் பின்னால் பெரும் தலையிடி தப்பும். வெளியிட்ட பிறகு தெரியவந்தால் பாட்டின் விவரத்தை அன்றைக்கே திருத்தி, உரியவருக்கு எழுதுங்கள்.

அம்மனுக்குத்தானே பாடுகிறோம், காசுக்கு இல்லையே. சினிமா மெட்டில் கோயில் பாட்டுப் போட்டால் என்ன?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் அதிகமாக வருகிறது. அம்மன் சடங்கு வரும் வைகாசி நெருங்கும்போது இன்னும் கூடும். காசு வாங்கவில்லை என்பது சட்டத்தின் முன் முழு விடையாகாது. மெட்டைப் பிரதி செய்வதும், மாற்றியமைப்பதும், பலர் முன் பாடுவதும் அதன் உரிமையாளருக்கு உரியவை. இறுவட்டாகவோ யூரியூப் காணொளியாகவோ வெளியிடும்போது இந்த உரிமைகள் எல்லாமே தொடப்படுகின்றன. ஊருக்குள் பாடியதற்காக யாரும் வழக்குப் போட்டு நான் கேள்விப்படவில்லை. வழக்கு வரவில்லை என்பதனால் உரிமை நமக்கு வந்துவிடாது.

சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டும் இதைப் பார்க்க வேண்டும். சடங்கு நடக்கும் கோயில் வீதியில் ஒலிபெருக்கி அம்மன் பாட்டைப் பாடுகிறது. மணலில் விளையாடும் சிறுவர்கள் கூடவே பாடுகிறார்கள், ஆனால் அவர்கள் வாயில் வருவது அந்தச் சினிமாப் பாட்டின் காதல் வரி. மெட்டை எடுத்தால் அதன் பழைய சொல்லும் காட்சியும் கூடவே வந்துவிடும். காவியம், குளிர்த்தி, ஊஞ்சல், வசந்தன் என்று ஊர்ப் பாட்டு வகைகள் நிறைந்த மண்ணில் அம்மனுக்குப் பாட மெட்டா இல்லை? வாயில் இருக்கும் ஊர் மெட்டை விட்டுவிட்டுச் சென்னையில் கடன் வாங்குவது எனக்கு ஏற்கவில்லை.

மூலப் பாட்டின் பெயரைப் போட்டுவிட்டால் போதும்தானே?

உரிமைக் காலம் முடியாத பாட்டு என்றால் பெயர் மட்டும் போதாது, அனுமதியும் வேண்டும். சட்டத்தில் ஆக்கியோனுக்குப் பொருளாதார உரிமை ஒரு புறமும், தன் பெயர் குறிப்பிடப்பட வேண்டும், தன் ஆக்கம் சிதைக்கப்படக்கூடாது என்ற ஒழுக்க உரிமை மறு புறமும் இருக்கின்றன. பொருளாதார உரிமையை விற்றுவிட்டவருக்கும் ஒழுக்க உரிமை உண்டு. பெயர் போடுவது இரண்டாவதன் ஒரு பகுதியை மட்டுமே நிறைவேற்றும்.

போடுகிற பெயரையும் ஒழுங்காகப் போட வேண்டும். ‘நாட்டார் பாடல்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்துவது சோம்பல். எந்த ஊர், என்ன வகைப் பாட்டு, யார் பாடிக் காட்டினார் என்ற மூன்றும் வேண்டும். ‘வசந்தன் மெட்டு, இன்ன ஊரில் இன்னார் பாடிக் காட்டியது, புதிய சொல் இன்னார்’ என்று எழுத ஒரு வரி போதும். பாடிக் காட்டியவர் தன் பெயரை விரும்பாவிட்டால் ஊரின் பெயராவது இருக்கட்டும்.

எழுதியவர் இறந்துபோய்விட்டால் அந்தப் பாட்டை யாரும் எடுக்கலாமா?

உடனே எடுக்க முடியாது. இலங்கையில் ஆக்கியோனின் வாழ்நாளும், அவர் இறந்த பின் 70 ஆண்டுகளும் உரிமை நீடிக்கிறது. அதுவரை அது வாரிசுகளுக்கோ உரிமையைப் பெற்றவர்களுக்கோ உரியது. இந்தியாவில் இது வாழ்நாளோடு 60 ஆண்டுகள்.

நம்மவர் ஒருவரை வைத்தே கணக்குப் பார்க்கலாம். 1892 இல் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் 1947 யூலையில் மறைந்தார். 70 ஆண்டுகள் 2017 உடன் முடிந்தன. ‘வெள்ளைநிற மல்லிகையோ’ என்ற அவருடைய கவிதைக்கு இன்று நீங்கள் புதிய மெட்டுப் போடலாம். அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் இடையில் வேறொருவர் அதற்குப் போட்ட மெட்டை எடுத்தால் நிலைமை மாறிவிடும். சொல் பொதுவானது, அந்த மெட்டு அவருடையது. பாடசாலை விழாக்களில் பலர் தடுக்கி விழும் இடம் இது. கவிதை பழையது என்றவுடன், கேட்டுப் பழகிய மெட்டும் பழையது என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஊர்ப்பாட்டுக்கு ஆக்கியோன் யாரென்றே தெரியாது. அப்படியென்றால் யாரும் எதுவும் செய்யலாம்தானே?

நமது பகுதிக்கு மிகவும் வேண்டிய பதில் இது. பெரும்பாலானவர்களுக்குத் தெரியாத ஒன்று: நமது சட்டத்தின் 24 ஆம் பிரிவு நாட்டார் வழக்காற்று வெளிப்பாடுகளைத் தனியாகப் பாதுகாக்கிறது. வியாபார நோக்கத்துக்காகவோ, வழக்கமான மரபுச் சூழலுக்கு வெளியிலோ அவற்றைப் பிரதி செய்தல், பலருக்கு நிகழ்த்துதல், ஒலிபரப்புதல், மாற்றியமைத்தல் எல்லாம் இதற்குள் வருகின்றன. அமைச்சர் நியமிக்கும் தகுதிவாய்ந்த அதிகாரியின் அனுமதி வேண்டும் என்றும், அதற்காக அறவிடப்படும் பணம் பண்பாட்டு வளர்ச்சிக்குப் போக வேண்டும் என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது. இனங்காணக்கூடிய நாட்டார் பாட்டு எங்கிருந்து வந்ததோ அந்தச் சமூகத்தையோ இடத்தையோ குறிப்பிட வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. ஊர்ப் பெயரைப் போடுங்கள் என்று நான் வற்புறுத்துவது மரியாதைக்காக மட்டும் அன்று என்பது இப்போது விளங்கும். சொந்தப் பாவனைக்கும் நேரடிக் கற்பித்தலுக்கும் விலக்கு உண்டு. வயலிலும் முற்றத்திலும் கோயிலிலும் பாடுகிற பாட்டை இந்தப் பிரிவு தொடுவதே இல்லை.

‘ஆள் தெரியாத பாட்டு’ என்று சொல்வதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது: பல நேரம் ஆள் தெரிந்தே இருக்கும், தேட ஒருவரும் மெனக்கெட்டிருக்க மாட்டார்கள். தென்னாபிரிக்காவின் சொலமன் லிண்டா 1939 இல் ‘ம்பூபே’ என்ற பாட்டைப் பதிவு செய்தார். உரிமைக்காக அவருக்குக் கிடைத்தது பத்து சிலிங். அமெரிக்காவுக்குப் போன அந்த மெட்டை அங்கே ஆபிரிக்க நாட்டார் பாட்டு என்று எடுத்துக்கொண்டு, ‘த லயன் ஸ்லீப்ஸ் ருநைற்’ என்று உலகம் முழுவதும் பாடினார்கள். லிண்டா 1962 இல் வறுமையில் இறந்தார். அவருடைய பிள்ளைகளுக்கு ஓர் இணக்கத் தீர்வு கிடைத்தது 2006 இல்தான். மட்டக்களப்பு வாவியின் இருபுறமான எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் பாட்டுக் கட்டத் தெரிந்த எத்தனையோ பேர் இன்றும் இருக்கிறார்கள். அவர்களை ‘நாட்டார்’ என்ற பொதுப் பெயருக்குள் புதைக்கிறவர்களாக நாம் ஆகக்கூடாது.

குளிர்த்திப் பாட்டுக்கு ட்ரம்ஸ் போட்டு வெளியிட விரும்புகிறோம். இளைஞர்கள் கேட்பார்கள்தானே?

சட்டத்தைக் கேட்டால் மேலே சொன்ன 24 ஆம் பிரிவு. இது வழக்கமான சூழலுக்கு வெளியே, மாற்றியமைத்து வெளியிடுவது. என்னைக் கேட்டால், செய்யாதீர்கள் என்பேன். குளிர்த்தி சடங்கின் முடிவில் உடுக்கொலியோடு அம்மனைக் குளிரப்பண்ணப் பாடுவது. அதைக் கேட்க ஊர் ஓராண்டு காத்திருக்கிறது. எல்லா மெட்டும் எல்லா இடத்துக்கும் ஆனவை அல்ல.

செய்தே தீர வேண்டும் என்றால் முதலில் கோயிலின் பூசகரான கட்டாடியாரிடமும் நிர்வாகத்திடமும் போய், செய்யப்போவதைப் பாடிக் காட்டிக் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். கும்மி, கோலாட்டம், வசந்தன், ஊஞ்சல் என்று விளையாட்டுக்கும் கொண்டாட்டத்துக்கும் பிறந்த மெட்டுகள் எவ்வளவோ இருக்கின்றன. ட்ரம்ஸ் அவற்றோடு நன்றாகவே சேரும்.

நான் தமிழன். அக்கரைப்பற்று, சம்மாந்துறைப் பக்கத்து முஸ்லிம் மக்களின் கவிகளை என் பாட்டில் சேர்த்தால் பிழையா?

பிழையில்லை, சொல்லிச் சேர்த்தால். வயலிலும் பரணிலும் பாடிய அந்தக் கவிகளின் நடையும் தமிழ் ஊர்களின் நாட்டுக் கவிகளின் நடையும் நெருங்கிய உறவு. மச்சானும் மச்சியும் இரண்டிலும் வருகிறார்கள். ஒரே வயல்வெளியில் வேலை செய்தவர்கள் ஒருவர் பாட்டை ஒருவர் கேட்டுத்தான் வளர்ந்தார்கள்; இதில் யார் யாரிடம் எடுத்தார் என்று தேடிச் சண்டை பிடிப்பது வீண். ஆனால் நீங்கள் கேட்டது நிந்தவூரில் ஒரு மூதாட்டியிடம் என்றால் நிந்தவூர் என்று எழுதுங்கள். ‘கிழக்கிலங்கை நாட்டார் பாடல்’ என்று பூசி மெழுகினால் அவருடைய ஊரும் சமூகமும் காணாமல் போகின்றன. கோல்களை அடித்து ஆடும் பொல்லடியின் பாட்டுக்கும், றபான் மேளத்தோடு பாடும் பைத்துக்கும் இதே பதில்தான். பைத்து வழிபாட்டோடு சேர்ந்தது என்பதால் குளிர்த்திக்குச் சொன்ன தயக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பைலா மெட்டு எல்லோரும் போடுகிறார்கள். அது யாருடையது?

பைலாவின் ஆறெட்டுத் தாள நடை யாருக்கும் சொந்தமில்லை. இராகத்துக்குச் சொன்னதே இதற்கும். அதன் வேர் போர்த்துக்கேயர் காலத்துக் கலப்பில் இருக்கிறது. மட்டக்களப்பின் போர்த்துக்கேயப் பறங்கியர் கல்யாண வீடுகளில் ஆடும் கப்றிஞ்ஞாவில் அந்த வேரை இன்றும் கேட்கலாம். பைலாப் பாட்டு என்று நாம் இன்று அறியும் வடிவத்தைப் பரப்பியவர் வொலி பஸ்தியன்ஸ். நடையை எடுங்கள், குறித்த ஒரு பைலாப் பாட்டின் மெட்டு வேண்டுமென்றால் அதன் உரிமையாளரைத் தேடுங்கள்.

என் அம்மம்மாவின் தாலாட்டைப் பாடி யூரியூப்பில் போட்டேன். இந்தியக் கம்பனி ஒன்று உரிமை கோருகிறது. இது என்ன அநியாயம்?

பெரும்பாலும் நடப்பது இதுதான்: யாரோ ஒருவர் அதே மெட்டைத் தன் திரைப்பாட்டிலோ இசைத்தொகுப்பிலோ எடுத்திருப்பார். அந்தப் பதிவு யூரியூப்பின் தானியங்கி அடையாள முறையில் ஏற்றப்பட்டிருக்கும். உங்கள் பாட்டு அதனோடு ஒத்துப்போகிறது என்று இயந்திரம் கண்டுவிட்டது. அது வரலாறு அறியாது; யார் முதலில் பாடினார் என்று அதற்குத் தெரியாது, யார் முதலில் ஏற்றினார் என்பதே தெரியும்.

பயப்பட வேண்டாம். உரிமைக் கோரல் வேறு, எச்சரிக்கை அடி (ஸ்ட்ரைக்) வேறு. கோரலால் உங்கள் சனலுக்கு ஆபத்தில்லை. அந்தக் காணொளியின் வருமானம் மற்றவருக்குப் போகும், சில வேளை காணொளி சில நாடுகளில் தெரியாமல் போகும். நீங்கள் மறுப்புத் தெரிவிக்கலாம். மறுத்தால் கோரியவர் 30 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கோரல் நீங்கிவிடும். மறுப்பில் ஆத்திரத்தைக் கொட்டாமல் விவரத்தை எழுதுங்கள்: மரபுத் தாலாட்டு, இன்ன ஊர், பாடியது நானே, பின்னணியில் வேறு எவரின் பதிவும் இல்லை. அச்சில் வந்த பழைய தொகுப்பில் அந்தத் தாலாட்டு இருந்தால் புத்தகத்தின் பெயரும் ஆண்டும் வலுவான சான்று.

பின்னணிக்கு எங்கிருந்தோ எடுத்த கரோக்கித் தடத்தைப் போட்டிருந்தால் மறுக்கவே வேண்டாம். சொல், மெட்டு, ஒலிப்பதிவு மூன்றுக்கும் தனித்தனி உரிமை இருக்கிறது. மெட்டு மரபானதாக இருந்தாலும் அந்தப் பதிவு இன்னொருவருடையது.

என் மெட்டை நான் எங்கும் பதிவு செய்யவில்லை. அப்படியானால் எனக்கு உரிமை இல்லையா?

இருக்கிறது. பாட்டு ஆக்கப்பட்ட கணமே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவும் கட்டணமும் தேவையில்லை. இலங்கை 1959 முதல் பதிப்புரிமைக்கான பேர்ன் சமவாயத்தில் இருப்பதால் மற்ற உறுப்பு நாடுகளிலும் அது செல்லும். தேவைப்படுவது சான்று. முதலில் முணுமுணுத்துக் கைபேசியில் பிடித்த பதிவை அழிக்காதீர்கள். திகதியோடு மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். சொல் எழுதிய கொப்பியைக் கிழிக்காதீர்கள். வெட்டியும் திருத்தியும் எழுதிய பக்கம் சுத்தமாக எழுதிய பக்கத்தைவிட அதிகம் பேசும்.

வேறொருவர் எடுத்துவிட்டார் என்று தெரிந்தால் முதலில் அவருக்கு எழுதுங்கள். அசையாவிட்டால் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தின் பணிப்பாளர் நாயகத்திடம் விண்ணப்பிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. வழக்கு அதற்கு அடுத்தது. செலவும் தூரமும் கூடியது.

காசு கொடுத்து ஸ்டூடியோவில் மெட்டுப் போடுவித்தேன். அது எனக்குத்தானே சொந்தம்?

காசு கொடுத்ததனால் மட்டும் உரிமை கை மாறாது. உரிமையைக் கொடுப்பதென்றால் எழுத்தில், இரு தரப்பும் கையொப்பமிட்டுக் கொடுக்க வேண்டும். ‘அண்ணன் சொன்னார், தம்பி தலையாட்டினார்’ என்று தொடங்கிய எத்தனையோ வேலைகள் பாட்டுப் பிரபலமானதும் உறவு முறிந்து முடிந்திருக்கின்றன. ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: மெட்டு யாருடையது, யார் எங்கே பயன்படுத்தலாம், பெயர் எப்படி வர வேண்டும். மெட்டுப் போட்டவரிடம் இன்னொன்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள், அந்த மெட்டு வேறு எங்கிருந்தும் எடுக்கப்படவில்லை என்று. அவர் எங்கிருந்தோ எடுத்திருந்தால் வெளியிட்டவர் என்ற முறையில் முதலில் அகப்படுவது நீங்கள்தான்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் ‘மட்டக்களப்புக் கூத்து மெட்டில் பாட்டு’ என்று கேட்டு வாங்கினேன். இது யாருடையது?

நமது சட்டத்தில் ஆக்கியோன் என்றால் ஆக்கத்தைச் செய்த மனிதர். இயந்திரம் அதற்குள் வராது. கேட்டு வாங்கிய நீங்கள் ஆக்கியோன் என்று சொல்வதும் கடினம். இத்தகைய செயலிகள் பாட்டுகளை அனுமதியின்றி விழுங்கிப் பழகின என்று பெரிய ஒலிப்பதிவு நிறுவனங்கள் 2024 இல் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தன. செயலி தந்த மெட்டு எந்தப் பாட்டின் நிழல் என்று உங்களுக்குச் சொல்ல யாருமில்லை.

எனக்கு வேறொரு கவலையும் உண்டு. கூத்து மெட்டு என்று அது தந்த சிலவற்றைக் கேட்டேன். கூத்தின் கைத்தாளமான சல்லாரி போன்ற ஒலி இருக்கிறது, தருவின் நடை இல்லை. இதைக் கூத்து மெட்டு என்று பெயர் போட்டு வெளியிட்டால், அடுத்த தலைமுறை அதையே கூத்து என்று கேட்டு வளரும். பெயரை மறைப்பது ஒரு பிழை என்றால், இல்லாத ஊரின் பெயரைப் போடுவதும் பிழையே.

நான் ஒரு வசந்தன் மெட்டை எடுத்துப் பாட்டுச் செய்தேன். இப்போது இன்னொரு குழு என்னைப் போலவே செய்திருக்கிறது. அவர்கள் என்னிடமிருந்து எடுத்தார்களா, ஊரிலிருந்து எடுத்தார்களா? நான் கேட்கலாமா?

மெட்டுக்கு உரிமை கேட்க முடியாது. அது உங்களுக்கு முன்பே இருந்தது. மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டை 1940 இல் தி. சதாசிவ ஐயர் பதிப்பித்தார். அதற்காக வசந்தன் பாட்டுகள் அவருக்குச் சொந்தமாகிவிடவில்லை. தொகுத்த உழைப்புத்தான் அவருடையது. அதுபோல, நீங்கள் சேர்த்தவைதான் உங்களுடையவை: புதிய சொல், இடையிசை, நீங்கள் மாற்றிய திருப்பங்கள், உங்கள் ஒலிப்பதிவு.

ஆகவே அவர்களுடைய பாட்டை மேலே சொன்ன முறையில் பிரித்துப் பாருங்கள். ஊரில் பாடும் மெட்டு ஒன்று, உங்களுடையது ஒன்று, அவர்களுடையது ஒன்று என்று மூன்றையும் சுரமாக எழுதுங்கள். ஊர் மெட்டில் இல்லாமல், நீங்கள் சேர்த்ததில் மட்டும் இருக்கிற ஒரு திருப்பம் அவர்களிடமும் இருந்தால் அவர்கள் உங்கள் வழியாகத்தான் வந்திருக்கிறார்கள். அப்போது போய்ப் பேசுங்கள். அந்த வரியில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால் இருவரும் ஒரே முற்றத்திலிருந்து எடுத்திருக்கிறீர்கள், கேட்க எதுவுமில்லை. ஆனால் உங்கள் இறுவட்டின் உறையில் அந்த முற்றம் எந்த ஊரில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறதா? எழுதவில்லையென்றால் அவர்களிடம் போவதற்கு முன் அந்த ஊருக்குப் போய்வாருங்கள்.